அமீனா வந்தால் கலெக்டர் ஆபீஸ் என்ன செய்யும்?

(அவலாஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரி பாக்கி, வாடகை பாக்கி, ஜப்தி. இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் கேரட் விலை பேசுவோம், பச்சைத் தேயிலைக்கு என்ன கொடுக்கிறான் என்று பேசுவோம். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் நாலாக மடித்து வைத்திருக்கிற நோட்டீஸைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இது வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மைவிடப் பெரிய கடன்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பேப்பரில் நீங்கள் அடிக்கடி பார்க்கிற செய்திதான்: ‘அரசுப் பேருந்து ஜப்தி’. பஸ் மோதி ஒருவர் இறந்திருப்பார். நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகியிருக்கும். போக்குவரத்துக் கழகம் கட்டியிருக்காது. அந்தக் குடும்பம் மறுபடி கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்று மனு போடும். ஒரு நாள் காலையில் கோர்ட் அமீனா கையில் உத்தரவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். டிரைவர், கண்டக்டர் முழிப்பார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள். பஸ் கோர்ட் வளாகத்தில் போய் நிற்கும், கண்ணாடியில் ஒரு நோட்டீஸோடு. இன்னொரு செய்தியும் உண்டு. ரோட்டுக்கோ குடியிருப்புக்கோ நிலம் எடுத்திருப்பார்கள், இழப்பீடு வருஷக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்காது. அமீனா கலெக்டர் ஆபீசுக்கே வந்து நாற்காலி, மேஜை, கம்ப்யூட்டர், சில சமயம் ஜீப் வரைக்கும் எண்ணிக் குறித்துக்கொள்வார்.

இதைச் சொன்னதும் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவதில்லை. அமீனாவைத் திட்டுவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிப்போவதில்லை. ஓர் அதிகாரி வருகிறார், அமீனாவை உட்காரவைக்கிறார், உத்தரவைப் படிக்கிறார். அரசு வக்கீலுக்குப் போன் போகிறது. ‘இவ்வளவு தொகை இத்தனை நாளில் செலுத்துகிறோம், கால அவகாசம் தேவை’ என்று எழுத்தில் ஒரு மனு தயாராகிறது. பல நேரம் அதோடு ஒரு பகுதித் தொகையும் கோர்ட்டில் கட்டப்படுகிறது. நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பஸ் மறுபடி ரோட்டுக்கு வருகிறது.

அரசாங்கம் தன் கடனுக்குச் செய்கிற இந்தக் காரியத்தை, அரசாங்கத்துக்குக் கடன்பட்ட நாம் செய்வதில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் வாசலில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டும். நாம் எல்லோரையும் ‘ஜப்திக்காரன்’ என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். கோர்ட் அமீனா என்றால் அவர் கோர்ட் ஊழியர். கோர்ட் கொடுத்த வாரண்ட் இல்லாமல் அவர் நம் வாசலுக்கு வர முடியாது. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி கேட்டு வருபவர் ஊராட்சியின் ஆளாகவோ, டவுனில் என்றால் நகராட்சி பில் கலெக்டராகவோ இருப்பார். வருவாய்த் துறை மூலம் வசூலிக்க வேண்டிய பாக்கிக்கு வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் வருவார்கள், தாசில்தார் கையெழுத்து இருக்கும். ஊரில் ரெவின்யூ ரிகவரி, ‘ஆர்.ஆர். ஆக்‌ஷன்’ என்று சொல்வது இதைத்தான். நாலாவதாக, பைக்கில் இரண்டு பேராக வந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசுபவர்கள். இவர்கள் பைனான்ஸ் கம்பெனி வசூல்காரர்கள். உள்ளே நுழையவோ, டி.வி.யைத் தூக்கவோ இவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி அதிகாரம் உள்ள முதல் மூன்று பேருக்கும் நாம் பயப்படுவதைவிட, அதிகாரமே இல்லாத இந்த நாலாமவருக்குத்தான் அதிகம் பயப்படுகிறோம். வாரக் குழுத் தவணைக்காக வீட்டு வரியை வருஷக் கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

எனவே யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். ‘சார், எந்த ஆபீஸ், அடையாள அட்டையும் உத்தரவும் காட்டுங்க.’ கோபமாகக் கேட்க வேண்டாம், டீ கொடுத்துவிட்டே கேட்கலாம். உண்மையான வரி நோட்டீஸில் வரிவிதிப்பு எண் இருக்கும், எந்த அரையாண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும், ஆபீஸ் பெயரும் கையெழுத்தும் இருக்கும். வாட்ஸ்அப்பில் ‘பாக்கி கட்டு, இல்லாவிட்டால் கைது’ என்று ஒரு லிங்க்கோடு வந்தால் அதை அமுக்காதீர்கள்.

இந்தக் காகிதமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனசு வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை மாகாணத்தில் நிலவரி வசூல் எப்படி நடந்தது என்று 1854இல் லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 1855இல் அறிக்கை வந்தது. வரி கட்டாத குடியானவனை ‘அண்ணாந்தாள்’ போடுவது என்று அதில் ஒரு தண்டனை பதிவாகியிருக்கிறது. அவன் கட்டியிருக்கிற துணியாலேயோ கயிற்றாலேயோ கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கட்டி, குனிந்தபடி வெயிலில் நிறுத்திவைப்பது. முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். ‘கிட்டி’ என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கையைக் கொடுத்து நெரிப்பது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சேவகர்கள். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து எழுதினார்.

அந்த அறிக்கை வந்து 10 வருஷம் ஆவதற்குள் 1864இல் சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் தாசில்தார் கையில் இருப்பது அதே சட்டம்தான், திருத்தங்களோடு. அது ஏழைக்கு இரங்கி எழுதிய சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரனுக்குப் பணம் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கயிறும் கட்டையும் இருந்த இடத்தில் காகிதம் வந்து உட்கார்ந்தது. பாக்கி இவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். பறிமுதல் செய்தால் பட்டியல் போட வேண்டும். நிலத்தை ஏலம் விடுவதென்றால் ஒரு மாதம் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஏலம் முடிந்த பிறகும் 30 நாள் உண்டு. அதற்குள் பாக்கியையும் ஏலம் எடுத்தவருக்குச் சேர வேண்டிய சிறு தொகையையும் கட்டினால் ஏலத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஏலம் நடத்திய முறையில் பெரிய குளறுபடி இருந்தாலும் அந்த 30 நாளுக்குள் மனு கொடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம், ஒவ்வொரு காகிதத்துக்கும் சில நாள். நோட்டீஸைப் படிக்காமல் மடித்து வைக்கிறவர், தனக்குச் சட்டம் கொடுத்த நாட்களைத்தான் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைக்கிறார்.

‘ஜெயில்ல போடுவாங்களா?’ எந்த ஊரில் பேசினாலும் இந்தக் கேள்வி வரும், பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள். அந்த 1864 சட்டத்தில் சிறைக்கு இடம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் யாரை? பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரை, சொத்தை ஏமாற்றி மறைத்தவரை. 1980இல் கொச்சின் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அழுத்தமாக ஒரு தீர்ப்பு சொன்னார். கையில் இல்லாததால் கடனைக் கட்ட முடியாத ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டம் காக்கிற உயிர், தனிமனித சுதந்திர உரிமைக்கு விரோதம் என்பது அதன் சாரம். இல்லாமை குற்றமில்லை. இருந்தும் இல்லையென்பது வேறு.

எதையெல்லாம் எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? கோர்ட் தீர்ப்பை நிறைவேற்ற வருகிற அமீனாவுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஒரு நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறது. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை கூடாது. மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை கூடாது. தாலிக்குக் கோர்ட்டுக்கே அதிகாரம் கிடையாது என்று பொருள். கைவினைஞருடைய கருவி கூடாது: தச்சருக்கு உளி, தையல்காரருக்கு மெஷின். விவசாயிக்கு உழவுக் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைக்கு வைத்திருக்கிற தானியம். விவசாயியோ கூலித் தொழிலாளியோ தான் குடியிருக்கிற, தனக்குச் சொந்தமான வீடு. எஸ்டேட்டில் வேலை செய்கிற அக்காமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது, பி.எஃப். பணத்தையும் முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பொதுவாகத் தப்பும். அடுத்து 62ஆவது பிரிவு. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் குடியிருக்கிற வீட்டுக்குள் நுழையக் கூடாது. உள்ளாட்சி ஜப்திக்கும் வருவாய்த் துறை ஜப்திக்கும் தனித்தனி விதிகள் உண்டு. கேட்பு அறிவிப்பு, 15 நாள் போன்ற ஒரு கெடு, அதன் பிறகு வாரண்ட், பட்டியல், ஏலம் என்று அதன் போக்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

சரி, சட்டம் போதும். ஊட்டிக்கு வருகிறேன். இங்கிருந்து ஊட்டி மார்க்கெட்டுக்குப் போகாதவர் யார்? 2021 ஆகஸ்டில் நகராட்சி அந்த மார்க்கெட்டில் வாடகை பாக்கிக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கு சீல் வைத்தது. பாக்கி பல கோடி. காய்கறி வரிசை, மளிகை வரிசை, பாத்திரக் கடை என்று எல்லாவற்றிலும் பூட்டும் அரக்கும். கொரோனா இரண்டாம் அலை அடங்கி, மலை மெல்ல மூச்சுவிட ஆரம்பித்த நேரம்.

இதில் யார் பக்கம் நியாயம்? என் கருத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. வியாபாரிகள் சொன்னது: சில வருஷம் முன்பு சந்தை மதிப்பை வைத்து வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள், பழைய வாடகையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம், உயர்த்தியதைத்தான் கட்டவில்லை. இதில் உண்மை இருக்கிறது. நகராட்சிக் கடை வாடகையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் கூட்டுவது பல காலமாக இருந்த நடைமுறை. அதற்குப் பழகியவர்களுக்கு மறுமதிப்பீடு இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். நகராட்சி சொன்னது: வாடகை வராவிட்டால் குப்பை அள்ளுவது யார், சம்பளம் கொடுப்பது எப்படி? இதிலும் உண்மை இருக்கிறது. அதோடு, அந்தக் கடைகளில் சிலவற்றை எடுத்தவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர். நகராட்சிக்குக் கொடுக்கிற வாடகையைப் போலப் பல மடங்கை உள்வாடகையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நகராட்சிக்குப் பாக்கி வைத்தவர்களும் உண்டு என்பது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவர்களுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது.

ஆனால் சீல் வைப்பது என்கிற வழி எனக்குப் பிடிக்கவில்லை. பத்துக்குப் பத்து கடையில் கீரையும் கொத்தமல்லியும் விற்கிறவர் பாக்கியை எதிலிருந்து கட்டுவார்? அந்தக் கடை வியாபாரத்திலிருந்துதான். அதைப் பூட்டிவிட்டுப் பணத்தைக் கொண்டு வா என்றால் அவர் எங்கே போவார்? வட்டிக்காரரிடம்தான். பிறகு பாக்கி கட்டியவர்களின் கடைகள் திறந்தன, நகராட்சிக்குப் பணம் வந்தது, கணக்கில் வெற்றிதான். அந்தப் பணத்தில் எவ்வளவு வட்டிக்கு வாங்கியது என்று எந்த ரிஜிஸ்டரிலும் எழுதியிருக்காது. சீலுக்கு முந்தைய நாள் வரை தவணை கேட்டு எழுத்தில் மனு கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் வாதம். மனுவே இல்லாத இடத்தில் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. இங்கே ஒரு வீட்டுக்கு ஊராட்சி வரி வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அதோடு நூலக வரி கொஞ்சம். இந்தத் தொகை யாரையும் கவிழ்க்காது. கவிழ்ப்பது அது கேட்கப்படுகிற நேரம். வரி ஆண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் திரும்புகிறது. நம் காசு அந்தக் காலண்டரில் வருவதில்லை. ராத்திரி தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கி, விடியும் முன் மெஷினில் கழுவி, மூட்டை போட்டு, லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய பிறகு, மண்டிக்காரர் ஏற்கெனவே கொடுத்த அட்வான்சும் கமிஷனும் லாரி வாடகையும் கழித்துத் தருகிற சீட்டில்தான் நம் காசு இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து உருளை இலை ஒரே ராத்திரியில் கருகும். 2019 ஆகஸ்டில் இந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வருஷம் தோட்டமே ஆற்றோடு போனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் அக்டோபரில் வரி கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

ஊராட்சிகளுக்கு நான் வைக்கிற கோரிக்கை, வசூல் முகாமை அறுவடை முடிந்த கையோடு ஒவ்வொரு ஊரிலும் வையுங்கள் என்பதுதான். நம் மாவட்டத்தில் 2025 ஜனவரி தொடக்கத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. ஊராட்சித் தலைவர் என்றால் டீக்கடையில் பிடித்துப் பேசலாம். தனி அலுவலருக்கு மேஜையும் கோப்பும்தான் காது. எழுத்தில் கொடுப்பது இதனாலும் கட்டாயமாகிறது. இப்போது ஊராட்சி வரியை ஆன்லைனில் கட்டலாம். சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, பேரன் பேத்தியை விட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஆனால் ரசீதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருந்தால் போதும் என்பார்கள், போதாது. போன் தண்ணீரில் விழும்.

அந்த ரசீதுக்கு இந்த மலையில் தனி மதிப்பு இருக்கிறது. பட்டா இல்லாத வீடுகள் இங்கே ஏராளம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் ஆன பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலைகளில் குடியேறிய குடும்பங்களுக்கு, ரேஷன் கார்டு வாங்கப் போனாலும் கரண்ட் கனெக்‌ஷன் கேட்கப் போனாலும் கையில் இருந்த சாட்சி அந்த வரி ரசீதுதான். வரி ரசீது நிலத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது, அனுமதி இல்லாத கட்டடத்தைச் சட்டபூர்வமாக்கியும் விடாது. ஆனால் இத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறேன் என்று காட்ட அதைவிடப் பேசுகிற காகிதம் வேறு எது? பாக்கி வைக்கிற ஒவ்வொரு வருஷமும் அந்தச் சாட்சியில் ஒரு வருஷம் குறைகிறது.

இப்போது கணக்கு. டவுனில் சொத்து வரி தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் தனி வட்டி. 10,000 ரூபாய் பாக்கி என்றால் மாதம் 100 ரூபாய். உரிய நேரத்தில், அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்தும் கொடுக்கிறார்கள். அதே 10,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்து நகராட்சிக்குக் கட்டினால்? மாதம் 1,000 ரூபாய். நூறு ரூபாய் வலியைத் தீர்க்க ஆயிரம் ரூபாய் வலியை வாங்குகிறோம், அதுவும் வாசலில் நிற்கிற மனிதர் முன்னால் மானம் போகக்கூடாது என்பதற்காக. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாவற்றையும் தடுக்க 2003இலேயே சட்டம் இருக்கிறது. நுண்கடன் கம்பெனிகளின் வசூல் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால், பின்தொடர்ந்தால் போலீசில் சொல்லலாம். கடன் இருக்கிறது என்பதற்காகப் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது.

2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குப் பயன். நல்ல காரியம். அதன் பின்விளைவு ஒன்றும் உண்டு: வீட்டு வரிக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள்.

நம்மவர்கள் லண்டனிலும் இருக்கிறார்களே, அங்கே எப்படி? ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்க் குடும்பங்களுக்கு கவுன்சில் வரி பாக்கிக்கு ‘பெய்லிஃப்’ வருகிறார்கள். இப்போது சட்டத்தில் அவருக்குப் பெயர் அமலாக்க ஏஜண்ட், பெரும்பாலும் தனியார் கம்பெனி ஆள். முதலில் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வருவதற்கு முன் 7 முழு நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். காலை 6 மணிக்கு முன், இரவு 9 மணிக்குப் பின் வரக்கூடாது. கவுன்சில் வரிக்காக முதல் தடவை வருபவர் கதவை உடைக்க முடியாது, கதவு பூட்டாமல் இருந்தாலோ நாமாகத் திறந்து விட்டாலோதான் உள்ளே. அடுப்பு, பிரிட்ஜ், துவைக்கிற மெஷின் போன்ற அத்தியாவசியங்களை எடுக்கக்கூடாது. நம் பட்டியலில் சமையல் பாத்திரம் இருக்கிறதே, அதே எண்ணம்தான். ஒரு பெரிய வித்தியாசம், அவர் வருகிற செலவையும் கடன்காரர் தலையிலேயே கட்டுகிறார்கள். 2014இல் வகுத்த கட்டணப்படி கேஸ் அவர் கைக்குப் போனதும் 75 பவுண்ட், வாசலுக்கு வந்ததும் மேலும் 235 பவுண்ட். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தவருக்கு முந்நூறு பவுண்ட் பிரிக்காததற்கே போய்விடும். நல்லதும் ஒன்று செய்திருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து, கடன் ஆலோசகரிடம் போய்ப் பதிவு செய்தால் 60 நாள் யாரும் நெருக்கக்கூடாது. நம் நாட்டில் உள்ளாட்சிப் பாக்கிக்கு இப்படி ஓர் ஏற்பாடு வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அது வரும்வரை இருப்பதை வைத்துச் செய்வோம். மனு எப்படி எழுதுவது? வெள்ளைத்தாள் ஒன்று, கார்பன் அல்லது ஜெராக்ஸ் பிரதி ஒன்று. மேலே பெயர், விலாசம், வரிவிதிப்பு எண் அல்லது கடை எண். முதல் வரியிலேயே நோட்டீஸ் தேதி, தொகை. அந்தத் தொகையில் நீங்கள் ஒத்துக்கொள்வது எவ்வளவு, ஒத்துக்கொள்ளாதது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். ஏற்கெனவே கட்டியதை மறுபடி பாக்கியாகக் காட்டியிருந்தால் பழைய ரசீது நகலை இணையுங்கள். இது அடிக்கடி நடக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பழைய கை ரசீதுகள் விட்டுப்போகும். அடுத்து, ஏன் கட்ட முடியவில்லை என்பது இரண்டு வரியில்: பனி, மழை, ஆஸ்பத்திரி. குடும்பச் சரித்திரம் வேண்டாம், கிளார்க் படிக்க மாட்டார். பிறகு, இன்றைக்கு இவ்வளவு கட்டுகிறேன், மீதியை இன்ன இன்ன மாதத்தில் இவ்வளவு என்று. இதில் கையில் முடிவதை மட்டும் எழுதுங்கள். ஆசைக்கு எழுதி முதல் தவணையே தவறினால் அடுத்த மனுவுக்கு மதிப்பில்லை. மனுவோடு சிறு தொகையாவது கட்டிவிட்டு, அந்த ரசீது எண்ணையும் அதில் எழுதுங்கள். தவணை கொடுப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. ஆனால் பணம் கட்டியவர் மேல் ‘வேண்டுமென்றே கட்டாதவர்’ என்று எழுதுவது கஷ்டம்.

ஒத்துக்கொள்ளாத தொகை பெரிது என்றாலோ, ஏலம் வரைக்கும் வந்துவிட்டது என்றாலோ ஊட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போன் நம்பர் 15100. வக்கீல் பீஸுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ‘வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறேன்’ என்பார்கள். வைத்துவிட்டு வந்தால் அந்த மனு பிறந்ததாகவே கணக்கில்லை. வாங்க மாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதே மனுவைக் கொடுங்கள், அங்கே பதிவு எண் கொடுப்பார்கள். பஸ்சுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் எமரால்டு தபால் ஆபீசிலிருந்து அனுப்பலாம். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டு, இல்லை என்றார்கள் என்று திரும்பிவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேளுங்கள். இந்த மழையில் உறை நனைந்து விலாசம் கரையும், பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். நோட்டீஸ் கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துவிடுவோம்.